வெள்ளைக் கண் மகள்கள் எப்படி வந்தன? பழ ஈ வளர்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மூன்று நாளாக ஒரே குழப்பம்.

வெள்ளைக் கண் பெண் ஈக்களைச் சிவப்புக் கண் ஆண்களோடு சேர்த்தேன். 1910இல் மரபியலாளர் மார்கன் கண்டறிந்த அதே வெள்ளைக் கண் மரபணுதான், எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும்; மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும், மகளுக்குத் தந்தையின் எக்ஸும் வரும். அதனால் மகள்கள் எல்லாம் சிவப்பு, மகன்கள் எல்லாம் வெள்ளை என்று வந்திருக்க வேண்டும். 640 ஈக்களை எண்ணியதில் இரண்டு மகள்களுக்கு வெள்ளைக் கண், ஒரு மகனுக்குச் சிவப்பு! வயிற்றின் நுனியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஆண் பெண் மாறவில்லை.

தாய் ஈக்கள் ஏற்கெனவே வெள்ளைக் கண் ஆணோடு சேர்ந்திருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகம். ஆனால் கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள், புது ஈக்களின் வயிற்றில் இருக்கும் கரும்பொட்டு தெரியும்போதே ஆண்களிடமிருந்து பிரித்துவிட்டேன். அப்படியே பிசகியிருந்தாலும் சிவப்புக் கண் மகனுக்கு அது பதிலாகாது.

அப்புறம் மார்கனின் மாணவர் பிரிட்ஜஸ் 1916இல் விளக்கியது நினைவுக்கு வந்தது. தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போய்விட்டால், தந்தையின் ஒய்யும் சேர்ந்து வெள்ளைக் கண் மகளுக்கு எக்ஸ்எக்ஸ்ஒய் இருக்கும். எக்ஸே இல்லாத முட்டையில் தந்தையின் எக்ஸ் மட்டும் சேர்ந்து வந்த சிவப்புக் கண் மகனுக்கு ஒய்யே இருக்காது, அது மலடு.

அந்த ஆணைக் கன்னிப் பெண்களோடு தனிக் குப்பியில் விட்டிருக்கிறேன். எத்தனை நாள் முட்டை பொரியாமல் இருந்தால் மலடு என்று உறுதியாகச் சொல்லலாம்? வெள்ளைக் கண் மகள்களின் புழுக்களில் மூளைத் திசுவை நசுக்கி ஒய் குரோமோசோமைப் பார்க்க எந்தச் சாயம் நல்லது? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவி. இருப்பது இரண்டே மகள்கள், வீணாக்க மனமில்லை.