மலையில் ஒயின் ருசித்தவர்கள் சொல்லுங்கள்: வெள்ளையோ சிவப்போ, இன்னும் மனசில் நிற்கும் ஒரு மடக்கு

குன்னூர்க்காரன்:
போன ஜனவரி, நண்பர் வீட்டில் நாசிக் சோவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைத் திறந்தார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்தது, வெளியேயும் பல் கிட்டும் குளிர். முதல் மடக்கில் வெறும் புளிப்பு, வாசமே இல்லை. பக்கத்தில் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "இப்ப மோந்து பாருங்க தம்பி" என்று நீட்டினார். தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்)! எங்கள் வேலியில் படர்ந்து கிடக்கிறதே, அதை உடைத்து மூக்கருகே பிடித்த வாசம். அதற்கு அடியில் லேசாகப் பச்சைக் குடைமிளகாய். மற்றவர்கள் எல்லாரும் அது வருவதற்குள் குடித்து முடித்துவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தாண்டிக்குடி மாப்பிள்ளை:
எனக்கு நேர் எதிர். கொடையில் மச்சான் வீடு, நந்தி ஹில்ஸ் பக்கத்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். அத்தை குடிக்க மாட்டார்கள், மோந்து மட்டும் பார்த்தார்கள். "மிளகு வாசம் தூக்குதே மாப்ள, களத்துல காயப்போட்ட மாதிரி" என்றார்கள். காபித் தோட்டத்து மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி வளர்த்த குடும்பம், அவர்கள் மூக்கு தப்பாது. மச்சானும் ஆமாம் என்றார். எனக்கு நாவல்பழமும் துவர்ப்பும்தான். சுழற்றிச் சுழற்றி மோந்தும் மிளகு வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். மிளகிலும் ஷிராஸிலும் ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் அந்த வாசத்தைத் தருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் எழுதியிருக்கிறார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாதாம். ரசம் சாப்பிடும்போதெல்லாம் இப்போது அந்த நினைப்புதான்: அத்தைக்குத் தெரிகிற ரசம் எனக்குத் தெரிகிறதா?

ஃபெர்ன்ஹில்:
குன்னூர் நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளையை உள்ளங்கையில் பொத்தினால் சூடேறிப் புளிப்பு தளர்ந்துவிடும். கிளாஸின் காம்பைத்தான் பிடிக்க வேண்டும். என் அனுபவம் சின்னது: ஒரு விடுதியில் சிவப்பு பாட்டிலை ஃபயர்பிளேஸ் பக்கத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள், சாராய நெடி மட்டும்தான் ஏறியது. வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18. ஊட்டியில் டிசம்பர் ராத்திரி ஹீட்டர் போடாத அறை சிவப்புக்கான அளவுக்கும் கீழே இருக்கும், ஆகவே வெள்ளைக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், ஜன்னலோரம் போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசம் தங்க இடம் வேண்டும். சிவப்போடு மிளகாய் பஜ்ஜி வேண்டவே வேண்டாம், காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கை எரித்துவிடும். துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. சிவப்பைத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள், வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்தெடுத்துவிடுகிறார்கள். கட்டன் டீ குடித்துப் பழகியவர்களுக்கு அது எங்கே பிடிக்கும் என்று தெரியும், ஈறும் கன்னத்தின் உள்பக்கமும். மிளகு வராத நண்பர் அடுத்த முறை மூக்கை விட்டு ஈறைக் கவனிக்கட்டும்.

குன்னூர்க்காரன்:
சார், அந்த பாட்டில் ஐஸாக இருந்தது. அவர் பொத்தியதால்தான் உங்கள் 8 டிகிரிக்கே வந்திருக்கும். வாசம் வந்ததை நான் மோந்தேன்.

பெருமாள்மலை:
டிகிரி இருக்கட்டும். நாசிக், நந்தி என்றே போகிறதே, மலைக்குக் கீழே கம்பத்தில் விளைவதை ஒருவரும் சொல்லவில்லை. பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்கிறார்கள், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்கு அதில்தான் பரணியில் ஒயின் போடுவார். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. ஒரு வருஷம் பட்டை, கிராம்பு இல்லாமல் போட்டார். வாயில் கட்டிய துணியை அவிழ்த்ததும் அடுக்களை முழுக்க ரோஜா வாசம்! அந்தத் திராட்சைக்கே உரிய வாசம், அத்தனை வருஷமும் கிராம்புக்குள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அடுத்த வருஷம் மறுபடி கிராம்பு. கேட்டதற்கு "அது இல்லேன்னா ஒயின்னு யாருடா ஒத்துக்குவா" என்றார். மசாலா இல்லாமல், இனிப்பும் இல்லாமல் பன்னீரில் செய்த ஒயினை இங்கே யாராவது குடித்திருக்கிறீர்களா? இனிப்பு இல்லாதபோதும் அந்த ரோஜா நிற்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.