அம்மாவுக்கு டிப்ரஷன் மாத்திரை, பலன் தெரியவில்லை. நிறுத்தலாமா?

கூடலூர்க்காரன்:
நாங்கள் தேனி மாவட்டம் கூடலூர். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இத்தனை வருசமும் ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனவர், இப்போது காய் எடுப்பு தொடங்கியும் போகவில்லை. உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சை அடைக்குது என்கிறார், விடியுமுன்பே எழுந்து வாசப்படியில் உட்கார்ந்துவிடுகிறார், சோறு இறங்கவில்லை. ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரி. மலைக்கு மேலே ஒரு மலையாள டாக்டர் டிப்ரஷன் என்று எசிட்டலோபிராமும், ராத்திரிக்குக் குளோனாசிபாமும் எழுதினார். அழவே இல்லையே, இது எப்படி டிப்ரஷன்? ரெண்டு வாரம் ஆகப்போகிறது, குமட்டல்தான் மிச்சம். பெரியம்மா வேறு காத்து கருப்பு, மந்திரிக்கணும் என்கிறார்.

மலைச்சாரல்:
நிறுத்திவிடுங்கள். இந்த மாத்திரையெல்லாம் ஆளை அடிமையாக்கிவிடும்.

வெள்ளைக்கோட்டு அக்கா:
மலைச்சாரல், ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். பழக்கமாகக்கூடியது குளோனாசிபாம், அதைப் பெரும்பாலும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் கொடுத்துக் குறைப்பார்கள். எசிட்டலோபிராம் வேலையைக் காட்டவே ரெண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். தம்பி, குமட்டல் பொதுவாகத் தானே அடங்கும், சாப்பிட்டபின் கொடுத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், தலைசுற்றலோ பேச்சில் தடுமாற்றமோ வந்தால் உடனே காட்டுங்கள். அழுகை இல்லாவிட்டால் என்ன, நம் ஊரில் பாதிப் பேருக்கு எரிச்சல், குடைச்சல், நெஞ்சடைப்பு என்றுதான் வரும். எதிலும் பிடிப்பில்லாமல், சீக்கிரம் விழிப்பு தட்டி, பசியும் போய், ரெண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க அப்படியே இருந்தால் டாக்டர்கள் சந்தேகப்படுவது இதைத்தான். நல்லானபிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மந்திரிப்பதில் உங்கள் பெரியம்மாவுக்கு ஆறுதல் என்றால் மந்திரிக்கட்டும், மாத்திரை மட்டும் நிற்கக்கூடாது.

பாளையம் வாத்தியார்:
ரெண்டு விஷயம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கைக்காசை வாரி இறைத்தாரா என்று கேளுங்கள். அப்படியானால் அது பைபோலாராக, அதாவது ஒரு சமயம் மனச்சோர்வும் ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம், அதற்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆள் மறுபக்கம், அந்த உற்சாக நிலைக்கு, எகிறிவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, சாகத் தோன்றுகிறதா என்று அம்மாவிடமே நேராகக் கேட்டுவிடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். 14416 டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரியானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது. மலையாள டாக்டரிடம் பேச மொழி பிரச்சினையாக இருந்தால் தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

கூடலூர்க்காரன்:
மருந்து டப்பா ரெண்டு கொட்டகையில் கிடந்தது, மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன், அப்படியெல்லாம் இல்லைடா என்றார். ஆனால் பெரியம்மா சொல்கிறார், நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வாரக்கணக்கில் தூங்காமல் பாட்டும் பேச்சுமாக இருந்து, இருந்த நகையையும் ஊராருக்குக் கொடுத்தாராம். அப்போதும் மந்திரித்தார்களாம். அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது சொல்கிறேன்.

வெள்ளைக்கோட்டு அக்கா:
அடுத்த வாரம் வரை வேண்டாம் தம்பி. இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு இதை முதலில் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். முடிந்தால் பெரியம்மாவையும் கூட்டிப்போங்கள், கண்ணால் பார்த்தவர் அவர்தானே.