கூர்நோக்கு இல்லப் பணியாளர் மீது புகார்: விசாரிக்க வேண்டியவர் யார்?

கேள்வி (மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம்)

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. ஒரு வழக்கில் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் இடம்) வைக்கப்பட்டிருக்கிறான். எந்த ஊர் என்பதைத் தவிர்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்து சென்ற வாரம்தான் பார்க்கப் போக முடிந்தது. முதுகில் தடிப்புகள் இருந்தன. வழுக்கி விழுந்ததாகச் சொன்னவன், அக்கா சற்று விலகியதும், இரவுப் பணியாளர் ஒருவர் அடித்ததாக என்னிடம் மட்டும் சொன்னான். கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தால் நாங்கள் திரும்பிய பின் அவன் நிலை என்னவாகுமோ என்று அக்கா அஞ்சுகிறார். யாரிடம் போவது?

பதில் 1 (வழக்கறிஞர், கும்பகோணம்)

கண்காணிப்பாளரிடம் தொடங்க வேண்டியதில்லை. பையனை அங்கே அனுப்பிய, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திடமே மனு கொடுங்கள். குழந்தைக்கு எதிரான குற்றம் குறித்துப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதியுமாறு காவல்துறைக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 8ஆம் பிரிவில், குழுமத்துக்கே தந்திருக்கிறது. மாதம் ஒருமுறையாவது இல்லத்தைப் பார்வையிடுவதும் அதன் கடமை. பராமரிப்புப் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் பணியாளரே கொடுமை செய்திருந்தால் 75ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலியல் சீண்டல் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். அப்போது புகாரை மறைக்கும் நிர்வாகியும் தண்டனைக்குரியவர்.

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் இறுதியில் இறந்து, பணியாளர்கள் கைதான பிறகுதான், இந்த இல்லங்களின் செயல்பாட்டை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. உங்கள் அக்காவின் அச்சத்தை மிகை என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில் 2 (ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர், நாகப்பட்டினம்)

சட்டப் பிரிவைவிட முதலில் நாளைக் கணக்கிடுங்கள். தடிப்பு சில நாட்களில் மங்கிவிடும். கேமராப் பதிவும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிந்துவிடும். ஆகவே மனுவில் முதல் கோரிக்கையாக அரசு மருத்துவமனையில் உடனடிப் பரிசோதனையையும் காயச் சான்றிதழையும், அடுத்ததாக அந்த இரவின் கேமராப் பதிவையும் பணிப் பதிவேட்டையும் பாதுகாக்கும் உத்தரவையும் கேளுங்கள்.

விசாரணை எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். கண்காணிப்பாளர் அறையில், அவர் முன்னிலையில் கேட்டால் எந்தப் பையனும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்வான். உங்கள் பையனை மட்டும் தனியே அழைத்தால் புகார் சொன்னவன் யார் என்று அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கூடத்துப் பையன்கள் அனைவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்பதே முறை. (பொய்ப் புகாரும் வருவதுண்டு, ஒழுங்கான பதிவேடு அப்போது பணியாளரையும் காப்பாற்றும்.) விசாரணை முடியும்வரை அந்த இரவுப் பணியாளரைக் குழந்தைகள் பக்கம் அனுப்பாதிருக்கவும் கோருங்கள்.

கேட்டவர்

வழக்கறிஞர் வைக்க எங்களிடம் பணம் இல்லை. மனுவை நாங்களே எழுதலாமா?

பதில் 1

தாராளமாக எழுதலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பையனின் பெயரையும் வழக்கு விவரத்தையும் இங்கே எழுதிவிடாதீர்கள். 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மனுவை இரண்டு படியாக எடுத்துச் சென்று, உங்கள் படியில் தேதியுடன் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.