கோவையில் இறப்பு, வீடு கோத்தகிரி: டெத் சர்டிபிகேட்டை துபாய்க்கும் கனடாவுக்கும் எப்படிச் செல்லுபடியாக்குவது?

கட்டபெட்டு_வாசி

வணக்கம். அப்பா இரண்டு மாதம் முன்பு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலமானார். வீடு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்). அவர் முன்பு துபாயில் வேலை பார்த்ததால் அங்கே வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது. அக்கா கனடாவில் இருக்கிறார், அங்கேயும் அப்பா பெயரில் ஒரு கூட்டுக் கணக்கு. இரண்டு இடத்திலும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அக்கா "அப்போஸ்டில் பண்ணி அனுப்பு" என்கிறார், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவுத் துறை தரும் சான்றாம்.

எங்கள் ஊர் வி.ஏ.ஓ. தன்னால் தர முடியாது, கோவையில்தான் வாங்க வேண்டும் என்கிறார். அது சரியா? அப்பா பெயர் ஆதாரில் முன்னெழுத்தோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரையும் சேர்த்து வேறு மாதிரி. இதனால் சிக்கல் வருமா? டெல்லி வரைக்கும் போக வேண்டுமா? அம்மாவை அதிகம் அலைய விட முடியாது. தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீலமலைச்சாரல்

ஆழ்ந்த இரங்கல்கள். வி.ஏ.ஓ. சொன்னது சரிதான். 1969-ம் வருடத்துப் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டப்படி இறப்பு எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவு. குடியிருப்பு எங்கே என்பது கணக்கில்லை. மருத்துவமனை கோவை மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சிதான் பதிவாளர். மருத்துவமனையே இறப்பைத் தெரிவிக்கும் படிவம் 2-ஐயும், இறப்புக் காரணம் எழுதிய மருத்துவச் சான்றையும் அனுப்பியிருக்கும். 21 நாளுக்குள் போயிருந்தால் தாமதக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவு எண்ணை மருத்துவமனையில் கேளுங்கள். அது கையில் இருந்தால் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துப் பார்த்துவிடலாம்.

பார்த்ததும் முதல் வேலை, பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. மருத்துவமனையில் அட்மிஷன் சீட்டில் அவசரத்தில் சொன்ன பெயர்தான் அப்படியே படிவம் 2-க்குப் போயிருக்கும். சான்றிதழில் "கே. ராஜு", பாஸ்போர்ட்டில் "ராஜு காளன்" என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள்தான். துபாய் வங்கிக்கு அவர்கள் இரண்டு பேர். ஆங்கில எழுத்துக்கூட்டல், இறந்த தேதி, அம்மாவின் பெயர், நிரந்தர முகவரி இவற்றையும் பாருங்கள்.

தவறு இருந்தால் முத்திரை வாங்கக் கிளம்பும் முன்பே திருத்துங்கள். சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி பதிவாளருக்குத் திருத்தும் அதிகாரம் உண்டு. மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதன் பிறகு எடுக்கும் சான்றிதழ் திருத்தத்தோடு வரும். வெறும் எழுத்துப் பிழை என்றால் எளிது. பெயரே மாறுகிறது என்றால் விவரம் அறிந்த, நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி கேட்பார்கள். பாஸ்போர்ட் நகல், ஆதார், மருத்துவமனைக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். முன்னெழுத்தை விரித்து எழுதப் பதிவாளர் மறுத்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். ஆனால் அதுவும் சான்றிதழோடு சேர்ந்து எல்லா முத்திரையும் வாங்கியாக வேண்டும், செலவு இரட்டிக்கும். ஆகவே திருத்தமே மேல்.

சான்றிதழ்ப் பிரதிகளை நாட்டுக்கு ஒன்றாக, கையிருப்புக்கு ஒன்று சேர்த்து வாங்குங்கள். வெளிநாட்டு வங்கி வாங்கிக்கொண்ட மூலத்தைத் திருப்பித் தரும் என்று நம்பி இருக்கக்கூடாது. க்யூ.ஆர். குறியீட்டோடு நாமே பதிவிறக்கி அச்சிட்ட தாள் உள்ளூர் வேலைக்குப் போதும். சான்றுறுதிக்கு (அட்டெஸ்டேஷன்) போகும் பிரதியில் பதிவாளரின் மைக் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் மேலே இருப்பவர்கள் உறுதி செய்வதே அந்தக் கையெழுத்தைத்தான்.

இன்னொன்று. மலை ஈரத்துக்குப் பயந்து நம் ஊரில் எதையும் லேமினேட் செய்துவிடுவார்கள். இதைச் செய்யாதீர்கள். அப்போஸ்டில் என்பது தாளின் பின்பக்கம் ஒட்டப்படும் ஸ்டிக்கர். பிளாஸ்டிக் மேல் அதுவும் ஒட்டாது, முத்திரை மையும் நிற்காது. கவரில் போட்டு வையுங்கள், போதும்.

ஃபைல்_பார்த்தவன்

மேலே சொன்னது முழுக்கச் சரி. அடுத்த கட்டத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் அக்கா சொல்லும் அப்போஸ்டில் கனடாவுக்கு மட்டும்தான். 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்குள்ளேதான் அது செல்லும். இந்தியா 2005-ல் சேர்ந்தது. கனடாவுக்கு 2024 ஜனவரி 11 முதல் நடைமுறை. அதற்கு முந்தைய குறிப்புகளில் கனடா தூதரக முத்திரை வேண்டும் என்று இருக்கும், இப்போது தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. துபாய்க்கு வெளியுறவுத் துறையின் சாதாரண அட்டெஸ்டேஷன், அதன் மேல் இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரை, கடைசியில் அங்கே போனதும் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று மூன்று அடுக்கு. துபாய்ப் பிரதிக்கு ஏஜென்ட் அப்போஸ்டில் போட்டுவிட்டால் அந்தக் காசு வீண். இரண்டு பிரதியையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே நாட்டின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை மாநில அரசின் சான்றுறுதி. சென்னைத் தலைமைச் செயலகத்தில் தனிநபர் ஆவணங்களுக்கான பிரிவில் அது முடிந்த பிறகுதான் வெளியுறவுத் துறை தொடும். டெல்லி போக வேண்டியதில்லை, 2019 முதல் வெளியுறவுத் துறையின் சென்னைக் கிளைச் செயலகத்திலேயே செய்கிறார்கள். ஆனால் 2012 ஜூலையிலிருந்து பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை. அங்கீகரித்த முகமைகளின் பட்டியல் வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது, அதில் இல்லாதவரிடம் மூலத்தைக் கொடுக்காதீர்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அரசுக் கட்டணமே இல்லை. முகமையின் சேவைக் கட்டணமும் கூரியரும் தனி. யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சில ஏஜென்ட்கள் மாநிலச் சான்றுறுதியைத் தவிர்த்து, நோட்டரி கையெழுத்தும் டெல்லி எஸ்.டி.எம். (துணைக் கோட்ட மாஜிஸ்திரேட்) முத்திரையும் வாங்கிச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். வங்கி மாநில அரசின் உறுதிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது பயன்படாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வழி என்று துபாய் வங்கியிடம் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். ஸ்டிக்கர் வந்ததும் அதன் எண்ணை இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். போலி ஸ்டிக்கரும் சுற்றுகிறது.

துபாய்ப் பிரதியின் அரபு மொழிபெயர்ப்பை இங்கே செய்ய வேண்டாம். எல்லா முத்திரையும் விழுந்த பிறகு, அங்கே உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் செய்தால் முத்திரைகளும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படும்.

இறப்புச் சான்றிதழ் மட்டும் வைத்துப் பணம் வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். அது கோவையில் இல்லை, அப்பா குடியிருந்த கோத்தகிரி வட்டாட்சியர் தருவது; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம் முடிந்த பிறகு விண்ணப்பித்தால் இரண்டிலும் ஒரே பெயர் வரும். அதற்கும் அதே முத்திரைகள். துபாய் வங்கி பெரும்பாலும் அங்குள்ள நீதிமன்ற உத்தரவும் கேட்கும். அம்மா போக முடியாவிட்டால் பவர் பத்திரமும் இதே பாதையில் போக வேண்டும்.

கட்டபெட்டு_வாசி

மிக்க நன்றி சார், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். அக்கா அங்கே ஒரு காப்பீடும் இருக்கிறது, இறப்புக்கான காரணம் வேண்டும் என்கிறார். சான்றிதழில் அது இல்லையே, விட்டுப் போய்விட்டதா?

நீலமலைச்சாரல்

விட்டுப் போகவில்லை. பதிவேட்டில் காரணம் இருந்தாலும் வெளியே தரும் சான்றிதழில் அதைக் காட்டக்கூடாது என்று சட்டத்தின் 17-ம் பிரிவே சொல்கிறது. காப்பீட்டுக்கு வேண்டியது மருத்துவர் எழுதிய இறப்புக் காரணச் சான்று. 2023 திருத்தத்துக்குப் பிறகு (அக்டோபர் 1 முதல் அமல்) மருத்துவமனை அதன் பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அம்மா பெயரில் எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் ஸ்கேன் செய்து முதலில் அக்காவுக்கு அனுப்புங்கள். காப்பீட்டுக்காரர்கள் பல நேரம் இதற்கு அப்போஸ்டில் கேட்பதில்லை, கேட்டால் மட்டும் செய்தால் போதும்.

பந்தலூரான்

இதே இழையைக் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்களும் தேடி வருவார்கள் என்பதால் ஒரு சேர்க்கை. நம் பக்கம் அவசரம் என்றால் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு, மைசூரு என்றுதான் வண்டி போகும். அங்கே இறந்தால் பதிவு கேரளத்திலோ கர்நாடகத்திலோதான். அந்தச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகம் முத்திரை போடாது. எந்த மாநிலம் தந்ததோ அந்த மாநிலம்தான் உறுதி செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழ் மட்டும் நம் வட்டாட்சியர் தருவது, அது சென்னை வழி. ஆகவே ஒரே குடும்பத்தின் இரண்டு தாள் இரண்டு தலைநகரம் சுற்றும். ஏஜென்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலைப்பாதையில் ஆம்புலன்ஸிலேயே உயிர் போனால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கீழே உள்ள மருத்துவமனை "கொண்டு வரும்போதே இறந்திருந்தார்" என்று எழுதினால், தங்களிடம் நடந்த இறப்பாக அதைத் தெரிவிக்காது. ஓடும் வண்டியில் இறப்பு என்றால் வண்டிப் பொறுப்பாளர் முதலில் நிறுத்தும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் பயணச் சீட்டையும் மருத்துவமனையின் அந்தக் குறிப்பையும் அன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். வீட்டுக்குத் திரும்பி அடக்கம் முடித்த பிறகு "எந்த ஊர்ப் பதிவு" என்ற கேள்வியில்தான் பல கேஸ் 21 நாளைத் தாண்டுகிறது. 30 நாளுக்கு மேல் போனால் மேலதிகாரியின் எழுத்து மூல அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு. கூடலூர், பந்தலூருக்குக் கூடலூர் கோட்டாட்சியர், கோத்தகிரிக்குக் குன்னூர்.

எஸ்டேட் லைன் வீட்டில் இறந்தால் தகவல் தர வேண்டியது எஸ்டேட் மேலாளர். நாலு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காப்பி, மிளகு, ஏலத் தோட்டம் எல்லாவற்றுக்கும் சட்டத்தின் 9-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குடும்பத்தார் மேலாளரிடம் விவரம் சொல்ல வேண்டும். சொல்லும்போதே பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ள பெயரையே எழுதிக் கொடுங்கள்.

இலங்கையில் சொத்தோ சேமநிதியோ இருக்கும் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு: இலங்கையும் ஹேக் பட்டியலில் இல்லை. வெளியுறவுத் துறை அட்டெஸ்டேஷனுக்குப் பிறகு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம். பழைய கையெழுத்துச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் அதை அப்படியே அனுப்பாமல், அதே பதிவுக்குத் தமிழும் ஆங்கிலமும் உள்ள புதிய பிரதி கேட்டு வாங்குங்கள். பழைய தாளில் கையெழுத்துப் போட்டவரின் மாதிரிக் கையொப்பம் இப்போது எந்த அலுவலகத்திலும் கிடைக்காமல் போகலாம், புதிய பிரதியில் அந்தத் தடை வராது.