43 இன்ச் டிவி: 60 ஹெர்ட்ஸ் போதுமா?

தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குறதுக்குள்ள அப்பாவுக்கு டிவி வாங்கணும். கரையில இருந்தா அவருக்கு கிரிக்கெட்தான் உசுரு.

4கே-ன்னா 3840 × 2160 புள்ளி, ஃபுல் ஹெச்டியைவிட நாலு மடங்குன்னு புரியுது. ஆனா எங்க கேபிள்ல பாதி சேனல் எஸ்டி, அதாவது தெளிவு கம்மியான பழைய தரம். அது 4கே திரையில மங்கலாத் தெரியுமா? பார்க்குறது ஏழடி தூரத்துல.

திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்குதுங்கிற ஹெர்ட்ஸ் கணக்குதான் பெரிய குழப்பம். அட்டையில "மோஷன் 120"ன்னு போட்டிருக்கு, உள்ள இருக்குற பேனல் (திரை) 60 ஹெர்ட்ஸ்தான். நம்ம ஒளிபரப்பே 50 ஹெர்ட்ஸ் கணக்குலதானே வருது? அப்போ பந்து இழுபடாம தெரிய நிஜமான 120 பேனலுக்குக் கூடுதல் காசு கொடுக்கணுமா? முப்பதாயிரத்துக்கு மேல முடியாது.

உப்புக்காத்துல டிவிக்குள்ள இருக்குற சர்க்யூட் போர்டு சீக்கிரம் அரிக்குது. மண்டபம், பாம்பன் பக்கம் வச்சிருக்கவங்க எது தாங்குதுன்னு அவசியம் சொல்லுங்க.