லாக்4ஜே 1.2.17: பழைய பதிப்பே பாதுகாப்பானதா?

கேள்வி

2016 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவா மென்பொருளின் பராமரிப்பு சென்ற மாதம் என் பொறுப்புக்கு வந்தது. கிடங்கின் சரக்கு இருப்பைக் கணக்கிடும் அந்த மென்பொருள், லாக் (மென்பொருளில் நடப்பவற்றின் பதிவு) எழுதுவதற்கு லாக்4ஜே என்ற லைப்ரரியின் 1.2.17 பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதை மாற்றலாமா என்று கேட்டபோது எங்கள் மேலாளர், "2021 டிசம்பரில் லாக்4ஜேயின் புதிய பதிப்புகளில் வந்த குறையால் ஊரே தூக்கமில்லாமல் தவித்தது, நமக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பதிப்புதான் நம்மைக் காப்பாற்றியது. அதுவும் இது அலுவலகத்துக்குள் மட்டும் இயங்குவது" என்றார். அதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றினாலும் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

மேலாளர் சொல்வது பாதி உண்மை. அவர் சொல்லும் 2021 டிசம்பர் குறையின் பெயர் லாக்4ஷெல்; அது, லாக் செய்திக்குள் எழுதப்பட்ட ஜேஎன்டிஐ (பெயரைக் கொண்டு வேறு சர்வரிலிருந்தும் பொருள்களைத் தேடி எடுக்கும் ஜாவா வசதி) முகவரியைத் தேடிப் போகும் வசதியால் வந்தது; அந்த வசதி 1.2-இல் இல்லை. ஆனால் 1-ஆம் வரிசைக்கான ஆதரவை, லாக்4ஜேயை வெளியிடும் அப்பாச்சி அமைப்பு 2015 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. வேறு கணினிகளிலிருந்து லாக்குகளைப் பெறும் அதன் சாக்கெட்சர்வர் வகுப்பில் 2019-இல் ஒரு கடுமையான குறை பதிவானபோதும் அந்த வரிசைக்குத் திருத்தம் வரவில்லை. லாக்4ஷெல் பாதித்த 2-ஆம் வரிசையின் 2.14.1-இல் இருந்தவர்கள் 2021 டிசம்பர் ஒரே மாதத்தில் 2.15.0 முதல் 2.17.1 வரை நான்கு பதிப்புகளை மாற்ற நேர்ந்தது என்றாலும், பெரும்பாலோருக்கு அது பாம் கோப்பில் (லைப்ரரிகளையும் அவற்றின் பதிப்புகளையும் பட்டியலிடும் கோப்பு) ஓர் எண்ணைத் திருத்தும் வேலைதான். உங்களுக்கோ, 1.2-இல் அப்படி ஒரு குறை வெடித்தால், 2-ஆம் வரிசைக்குத் தாவ, கான்ஃபிக் கோப்பு, இம்போர்ட் வரிகள், சொந்தமாக எழுதிய அப்பெண்டர்கள் (லாக்கைக் கோப்புக்கோ வேறிடத்துக்கோ அனுப்பும் பகுதிகள்) எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்ற வேண்டிய நிலை வரும்.

அலுவலகத்துக்குள் இயங்குவது என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். சப்ளையர் ஒருவர் வெளியிலுள்ள படிவத்தில் பொருள் விவரம் என்று தட்டச்சு செய்யும் வரி, உள்ளே இருக்கும் உங்கள் சர்வரில்தான் லாக் ஆகிறது.

மறுமொழி 2

முதலில் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 2017-இல் மக்களின் கடன் விவரங்களைத் தொகுக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோனதற்கு இணையதளங்கள் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளின் ஒரு குறைதான் வாசல். மார்ச் மாதத்தின் முதல் வாரத்திலேயே திருத்தம் வெளிவந்தது. அங்கே உள் எச்சரிக்கை அனுப்பப்பட்டது, ஸ்கேனும் நடந்தது. ஆனால் கடன் அறிக்கைகள் மீது முறையிடும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அந்த ஸ்கேன் காட்டவில்லை. திருடர்கள் மே மாதத்தில் நுழைந்து ஜூலை இறுதிவரை உள்ளேயே இருந்தார்கள். என்னைக் கேட்டால், பழைய பதிப்பைவிட அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதே பெரிய ஆபத்து. ஜாவா மென்பொருளைக் கட்டும் கருவியான மேவனின் டிபெண்டென்சி ட்ரீ கட்டளையை (எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று காட்டுவது) இன்றே ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சேர்த்த லைப்ரரிகள் தம்முடன் இழுத்து வந்தவையும் தெரியும்.

மறுமொழி 3

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். புதியது எதுவானாலும் வந்த அன்றே ஏற்ற வேண்டியதில்லை. 2024 தொடக்கத்தில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யுடில்ஸ் கருவியின் புத்தம் புதிய 5.6.0, 5.6.1 பதிப்புகளில்தான் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழைய வைக்கப்படும் வழி) வைக்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் முறை) நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளரால் அது வெளிப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே ஏற்றுங்கள். மற்றவற்றைச் சில நாள் பொறுத்து, சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்து ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கட்டளையை ஓட்டினேன். எங்கள் பாம் கோப்பில் எழுதியிருப்பது 1.2.17 மட்டுமே, ஆனால் பிடிஎஃப் அறிக்கைக்காகப் பின்னாளில் யாரோ சேர்த்த ஒரு லைப்ரரியின் கீழே, மூன்றாவது படியில், லாக்4ஷெல் குறை உள்ள லாக்4ஜே கோர் 2.11.1 இருக்கிறது. 2021-இல் எங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குப் பழைய பதிப்பு காரணமில்லை. அந்த வரியை அச்செடுத்து மேலாளரிடம் காட்டினேன்; நெடுநேரம் பார்த்துவிட்டு, திங்கள் முதல் இந்த வேலைக்கு இரண்டு பேரை ஒதுக்கியிருக்கிறார்.