பெரிய வீட்டுக் குழு: 80ஸ் அமெரிக்க சீரியல் டிஸ்க் லிஸ்ட்

பிரபு அண்ணா: அடுத்த மாசம் டல்லாஸ்லேர்ந்து வர்றப்ப பழைய அமெரிக்க சீரியல் டிஸ்க் கொஞ்சம் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். 85லேர்ந்து 90க்குள்ள ஓடினது மட்டும். எதை டிவிடில வாங்கலாம், எதை புளூரேல வாங்கணும், எதைத் தொடவே வேணாம்?

சேகர் சித்தப்பா: முதல்ல எதுல எடுத்தாங்கன்னு பாரு பிரபு. சியர்ஸ் 35 எம்எம் ஃபிலிம். மூன்லைட்டிங், வொண்டர் இயர்ஸும் ஃபிலிம்தான். கோல்டன் கேர்ள்ஸ், ரோசன், மேரீட் வித் சில்ட்ரன் மூணும் வீடியோ டேப். ஃபிலிமை இன்னைக்கு மறுபடி ஸ்கேன் பண்ணி எச்டி ஆக்கிடலாம். டேப்ல இருக்கிறது 480 வரி. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

காவ்யா: அப்போ கோல்டன் கேர்ள்ஸை எச்டின்னு போட்டு விக்கிறது?

சேகர் சித்தப்பா: இருக்கிற 480 வரியை இழுத்துப் பெருசாக்கினதுதான். அதுக்குக் கூட காசு குடுக்காத. ஆனா டேப்புக்குன்னு ஒரு அழகு இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஃபிலிம் விநாடிக்கு 24 படம். டேப் விநாடிக்கு 60 பாதிப் படம், அதாவது ஒரு தடவை ஒத்தை வரி, அடுத்த தடவை ரெட்டை வரி. அதனாலதான் ரோசன்ல ஆள் நடந்தா அப்படி வழுவழுன்னு, நாமே அந்த ஹால்ல உக்காந்து பாக்கிற மாதிரி தெரியுது. அதையே 30 ஃப்ரேமா குறைச்சு ஏத்தினா அந்த உயிர் போயிடும்.

மீனா அத்தை: கோல்டன் கேர்ள்ஸ் கண்டிப்பா வாங்கு பிரபு. ஒரே ஸ்கிரிப்டை ஒரே நாள்ல ரெண்டு தடவை, ரெண்டு வேற வேற ஆடியன்ஸ் முன்னாடி நடிப்பாங்க. ரெண்டுலயும் எது நல்லா வந்துச்சோ அதை எடுத்து ஒட்டுவாங்க. ஒரு காட்சிக்குள்ள கப் வலது கைலேர்ந்து திடீர்னு இடது கைக்கு மாறினா, தட்டுல இருக்கிற கேக் கூடிக் குறைஞ்சா, அது ரெண்டு ஷோவும் சேர்ந்த இடம்னு சந்தேகப்படலாம்.

மீனா அத்தை: அந்த சமையல்கட்டு மேஜையைப் பாருங்க. வீட்ல நாலு பேர், நாற்காலி மூணுதான். கேமரா பக்கம் முதுகு காட்டி யாரும் உக்காரக் கூடாதுன்னு அப்படி வச்சாங்க. நாலு பேரும் வந்துட்டா ஒருத்தர் நின்னுக்கிட்டோ ஸ்டூல்லயோதான். நாலு பேரோட முகபாவமும் ஒரே நேரத்துல கிடைக்கும். எவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்காங்க!

காவ்யா: டிஸ்க் கைல இருந்தா ஃபிலிமா டேப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறது சித்தப்பா?

சேகர் சித்தப்பா: கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர்ல போடு. பாதிப் படங்களை முழுசாக்கிக் காட்டுற டீஇன்டர்லேஸ் வசதியை ஆஃப் பண்ணு. கை வீசுற மாதிரி வேகமா அசையிற இடத்துல நிறுத்திட்டு, கீபோர்டுல ஈ எழுத்தைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமா போ. விளிம்புல சீப்புப் பல் மாதிரி கோடு வரும். அஞ்சு ஃப்ரேம்ல மூணு சுத்தமா, ரெண்டு கோடா மாறி மாறி வந்தா ஃபிலிம், 24 படத்தை 30 ஆ நீட்டினதால வர்ற வரிசை அது. அசையிற ஃப்ரேம் எல்லாத்துலயும் கோடு இருந்தா டேப். கோடே வரலைன்னா 24 ஃப்ரேமாவே பதிஞ்ச ஃபிலிம் டிஸ்க், அதுக்கு ஒண்ணும் செய்ய வேணாம்.

சேகர் சித்தப்பா: அப்புறம் வீடியோ மெனுல டீஇன்டர்லேஸ் மோடு. டேப்னா யாடிஃப் 2எக்ஸ். ஃபிலிம்னா ஃபிலிம் என்டிஎஸ்சி. மாத்தி வச்சா ஃபிலிம் தொடர் தடுக்கித் தடுக்கி ஓடும். டிவில நடுவுல படம் சேர்த்து ஓட்டுற மோஷன் ஸ்மூத்திங் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. சியர்ஸைப் போய் ரோசன் மாதிரி வழவழன்னு ஆக்கிடும்.

பிரபு அண்ணா: ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் எந்த வகை? பழைய டிவிடி மங்கலா இருக்கு, ஆனா ஃபிலிம்னு சொல்றாங்க.

சேகர் சித்தப்பா: அதுதான் மூணாவது வகை, இருக்கிறதுலயே சிக்கலானது. 1987ல ஆரம்பிச்சப்ப 35 எம்எம்லதான் எடுத்தாங்க. ஆனா ஃபிலிமை டேப்புக்கு மாத்தி, எடிட்டிங், கப்பல் காட்சி ஒட்டுறது எல்லாம் டேப்லயே முடிச்சாங்க. நேரமும் செலவும் மிச்சம். அதனால முழு எபிசோடுன்னு ஒண்ணு ஃபிலிம்ல எங்கயும் கிடையாது. 2012லேர்ந்து புளூரே போட்டப்ப பழைய நெகட்டிவ் சுருளெல்லாம் தேடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, பழைய எடிட்டிங்கை ஷாட் ஷாட்டா பாத்து மறுபடி வெட்டி ஒட்டினாங்க. மாடல் கப்பலை ஃபிலிம்ல எடுத்திருந்ததால அதையும் புதுசா சேத்தாங்க. டேப்லயே வரைஞ்ச லேசர் கீற்று மாதிரி விஷயத்தைத் திரும்பச் செய்ய வேண்டியதாப் போச்சு. நெகட்டிவ் கிடைக்காத சில விநாடிக்கு மட்டும் பழைய டேப்பைப் பெருசாக்கிப் போட்டிருக்காங்க. அதை மட்டும் புளூரேலதான் வாங்கணும். டிவிடில எந்த மோடு வச்சாலும், எடிட் பண்ணின இடத்துல அந்த மூணு சுத்தம், ரெண்டு கோடு வரிசை உடையும், படம் ஒரு துள்ளு துள்ளும்.

காவ்யா: அதுல ரெண்டாவது சீசன் செட்ல 22 எபிசோடுதான் காட்டுது. முதல் சீசன் 26. டிஸ்க் ஏதாவது குறையுதா?

மீனா அத்தை: குறையல டி. 1988 மார்ச் 7லேர்ந்து ஆகஸ்ட் 7 வரைக்கும் எழுத்தாளர் சங்க ஸ்ட்ரைக். அந்த வருஷம் நிறையத் தொடர் லேட்டா ஆரம்பிச்சுது. அந்த ரெண்டாவது சீசனோட முதல் எபிசோடே, எழுபதுகள்ல எடுக்காம விட்ட ஒரு ஸ்டார் ட்ரெக் தொடருக்கு எழுதின கதை. கடைசி எபிசோட்ல பெரும்பகுதி பழைய காட்சித் துண்டுகள். செட் வாங்குறப்ப எபிசோடு எண்ணிக்கையை அந்தந்த வருஷத்தோட சேர்த்துப் பாரு.

பிரபு அண்ணா: வொண்டர் இயர்ஸ்?

மீனா அத்தை: 2014 டிவிடி. வேற எதுவும் வேணாம். 1988 ஜனவரி 31 அன்னிக்கு சூப்பர் பௌல் ஃபுட்பால் ஃபைனல் முடிஞ்ச கையோட முதல் எபிசோடு போட்டாங்க. கதை நடக்கிறது அறுபதுகள் கடைசில, அதனால எபிசோடுக்கு எபிசோடு அந்தக் காலத்துப் பாட்டு. டிவில போட மட்டும்தான் உரிமை வாங்கி வச்சிருந்தாங்க. வீட்டு வீடியோவுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் தனியா பேசி வாங்குற வரைக்கும் முழு செட் வெளிய வரல. நடுவுல 2011ல ஸ்ட்ரீமிங்ல வந்தப்ப ஜோ காக்கர் பாடின தலைப்புப் பாட்டுக்கே வேற குரல். சிரிப்புச் சத்தம் கிடையாது, பெரியவனான பையன் பின்னணில பேசுறான். அதோட சேர்ந்து பாட்டுதான் அந்தத் தொடருக்கு உணர்ச்சியே. பாட்டை மாத்தினா காட்சி செத்துடும்.

மீனா அத்தை: மேரீட் வித் சில்ட்ரன் டிவிடிலயும் மூணாவது சீசன்லேர்ந்து சினாட்ரா பாடின தலைப்புப் பாட்டு இல்ல, ஏதோ ஒரு வாத்திய இசை. முதல் ரெண்டு சீசன் வாங்கினா போதும்.

பிரபு அண்ணா: மூன்லைட்டிங்கும் பாட்டுப் பிரச்சினைதானா அத்தை?

மீனா அத்தை: ஆமா. 2023 அக்டோபர் வரைக்கும் ஸ்ட்ரீமிங்லயே வரல. அதுக்கப்புறம்தான் ஹுலுங்கிற அமெரிக்க ஸ்ட்ரீமிங்ல ஏறிச்சு. டிவிடி அங்க பழைய கடைல கிடைச்சா விடாத. ஹீரோ, ஹீரோயின் ரெண்டு பேரும் ஒருத்தர் பேச்சு மேல ஒருத்தர் பேசுவாங்க, ஸ்கிரிப்ட் பக்கம் சாதாரணத் தொடரை விட ஏறக்குறைய ரெட்டிப்பு. சப்டைட்டில் இருக்கான்னு பாத்து வாங்கு.

காவ்யா: யூகேல வாங்கின சியர்ஸ் டிவிடி ஒண்ணு இங்க இருக்கு. 24:30 ஓட வேண்டிய எபிசோடு 23:31 தான் ஓடுது. ஒரு நிமிஷம் வெட்டிட்டாங்களா?

சேகர் சித்தப்பா: வெட்டல. அது பால் (PAL), அதாவது ஐரோப்பா டிவி முறைல பதிஞ்ச டிஸ்க். 24 ஃப்ரேமை 25 ஆ ஓட்டுறதால நாலு சதவீதம் வேகம். உன் கணக்கு அச்சு அசலா அதான். குரலும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். டேப்ல எடுத்த தொடருக்கு இந்த வேகம் வராது, ஆனா 60ஐ 50 ஆ மாத்துறப்ப அசையிறதுக்குப் பின்னாடி நிழல் விழும். ரெண்டுக்குமே அமெரிக்க டிஸ்க்தான் நல்லது.

சேகர் சித்தப்பா: நிஜமா வெட்டினது வேற. மறு ஒளிபரப்புக்கு விளம்பர நேரம் கூட்டணும்னு 24 நிமிஷ எபிசோடை 22 ஆக்குவாங்க. முதல்ல போறது குளிர் காட்சியும் கடைசி ஜோக்கும். 2005ல வந்த ரோசன் முதல் சீசன் டிவிடி அந்த வெட்டின பிரதிதான். பிரபு, அதை மட்டும் எடுத்துடாத.

காவ்யா: குளிர் காட்சின்னா தலைப்புப் பாட்டுக்கு முன்னாடி வர்றதுதானே?

சேகர் சித்தப்பா: அதேதான். சியர்ஸ்ல பாதி சிரிப்பு அங்கதான். கதைக்குத் தேவையில்லன்னு முதல்ல கை வைக்கிறதும் அங்கதான்.

பிரபு அண்ணா: அகலத்திரை பதிப்பு?

சேகர் சித்தப்பா: வேணாம். 4:3 படத்தை 16:9 ஆக்கினா உயரத்துல கால் பங்கு போயிடும். 89 டிசம்பர்ல ஆரம்பிச்ச சிம்ப்சன்ஸை டிஸ்னி பிளஸ்ல அப்படித்தான் ஏத்தினாங்க. பீர் ஆலைக் காட்சில மூணு தொட்டிக்கும் மேல ஒரே குழாய்லேர்ந்து பீர் இறங்கும், மூணு வகைன்னு விக்கிறது ஒரே சரக்குன்னு ஜோக். மேல வெட்டினதால குழாயே தெரியல. 2020 மே மாசம்தான் 4:3 தேர்வு குடுத்தாங்க. அந்த செட்டிங்கைத் தேடி மாத்தணும்.

பிரபு அண்ணா: அப்போ சியர்ஸ் 2023 புளூரே, ஸ்டார் ட்ரெக் புளூரே, கோல்டன் கேர்ள்ஸ், வொண்டர் இயர்ஸ் டிவிடி. மூன்லைட்டிங் கிடைச்சா.

மீனா அத்தை: நம்ம பிளேயர்ல ஓடுமா?

சேகர் சித்தப்பா: எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு டிஸ்க்ல ரீஜன் பூட்டு இருக்கும்; அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்மது 5. புளூரே அங்க ஏ, இங்க சி. ஸ்டார் ட்ரெக் அட்டைப் பெட்டிக்குப் பின்னாடி ஏ, பி, சி மூணும் போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்கு பிரபு. டிவிடிக்கு எல்லா ரீஜனும் ஓட்டுற பிளேயர் இங்க நான் பாத்து வைக்கிறேன்.